பால்வாடி டீச்சர் பையன் ஏன் எல்கேஜி வேன்ல போனான்?

இந்த எபிசோட் எங்க அக்கா அனுப்பின ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. அவ பொண்ணுக்கு மூணு வயசு. "டேய், ரெண்டு ஸ்கூல் பார்த்திருக்கேன். ஒண்ணு பக்கத்துத் தெரு. மிஸ் நல்லா பேசுறாங்க, குழந்தைங்க மண்ணுல விளையாடுதுங்க. இன்னொண்ணு தூரம், ஃபீஸும் டபுள். ஆனா அங்க சேர்த்துட்டா பன்னெண்டாவது வரைக்கும் கவலை இல்ல."

அவ எதை எடுப்பான்னு உங்களுக்கே தெரியும். அது ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

எல்கேஜில இருக்கிற அந்த 'கேஜி', அதாவது கிண்டர்கார்டன், ஜெர்மன் வார்த்தை. குழந்தைகளின் தோட்டம்னு அர்த்தம். ஃப்ரோபெல் 1840-ல வெச்ச பேரு. பாட்டு, விளையாட்டு, மரக்கட்டைகள், அவ்வளவுதான். (இதையே ஆபத்துன்னு நினைச்சு 1851-ல பிரஷ்ய அரசு தடை பண்ணுச்சு!) அடுத்து மாண்டிசோரி. இன்னிக்கு அந்தப் பேரு போர்டுல இருந்தாலே ஃபீஸ் ஏறிடும். ஆனா மரியா மாண்டிசோரி 1907-ல முதல் பள்ளியைத் தொடங்கினது ரோம்ல, சான் லொரென்சோங்கிற ஏழைத் தொழிலாளர் குடியிருப்புல. 1939-ல பிரம்மஞான சபை அழைச்சு அவங்க நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. உலகப் போர் வந்ததால இந்தியாவுலயே மாட்டிக்கிட்டாங்க.

ஏழைக் குழந்தைகளுக்குன்னு இங்க வந்தது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சுது. எடை பார்க்கிறது, சத்துமாவு, தடுப்பூசி, கூடவே விளையாட்டு வழியா கல்வி. ஊட்டச்சத்துல தமிழ்நாட்டுக்கு இது பெரிய விஷயம். ஆனா மக்கள் மனசுல 'பால்வாடி'ன்னா சாப்பாடு போடுற இடம், 'ஸ்கூல்' வேற.

அந்த 'ஸ்கூல்' எப்படி வளர்ந்துதுன்னு கவனிச்சிருக்கீங்களா? ஒரு வாடகை வீடு, 'நர்சரி அண்ட் பிரைமரி'ன்னு ஒரு போர்டு, அப்புறம் வருஷத்துக்கு ஒரு வகுப்பா மேல மேல கட்டிக்கிட்டே போவாங்க. பெரிய மெட்ரிக் பள்ளிகள்லயும் சீட் நிரம்புறது எல்கேஜிலதான். ஒண்ணாம் வகுப்புக்குப் போய்க் கேட்டா, யாராவது டிசி வாங்கினாத்தான் இடம். என் தொழில் பாஷைல சொன்னா, எல்கேஜிங்கிறது ஃபீச்சர் இல்ல, லாகின் பேஜ்.

என்னைக் கேட்டா மொத்தக் கதையும் இங்கதான் இருக்கு. பெற்றோர் பந்தாவுக்காகப் பண்றாங்கன்னு ஈஸியா சொல்லிடலாம். இங்கிலீஷ், வேன், அண்ணன் படிக்கிற இடம், ரெண்டு பேரும் வேலைக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்க ஆள், எல்லாமே காரணம்தான். ஆனா அவங்க உண்மையில வாங்குறது மூணு வயசுக்கான கல்வியை இல்ல, பதினாலு வருஷத்துக்கான இடத்தை.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். நர்சரி அட்மிஷனுக்கு டெஸ்ட், இன்டர்வியூ எல்லாம் வேண்டாம்னு யஷ்பால் கமிட்டி 1993-லயே சொல்லுச்சு. கல்வி உரிமைச் சட்டம் 2010-ல அமலுக்கு வந்தப்போ அதுக்கு அபராதமே வெச்சுது. அதே சட்டம், தனியார் பள்ளில 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குன்னு சொல்லுது. எந்த வகுப்புல இருந்து? பள்ளில எல்கேஜி இருந்தா எல்கேஜில இருந்தே. ஆக, ஏழை வீட்டுக்கும் வாசல் அதுதான். 2019-ல தமிழ்நாடு அரசே பள்ளி வளாகங்கள்ல இருக்கிற 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி, யுகேஜி ஆரம்பிச்சுது. பேரைக் கவனிங்க. பால்வாடின்னு விட்டா யாரும் வரமாட்டாங்கன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி.

இப்போ சொந்தக் கதை. எங்க அம்மா அங்கன்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாட்டு சொல்லிக் கொடுத்தவங்க, என்னை மட்டும் டை கட்டி வேன்ல ஏத்தி விட்டாங்க. ரொம்ப நாளா அது எனக்கு உறுத்தலாவே இருந்துச்சு. போன வாரம் நேரா கேட்டேன். "என்கிட்ட படிச்சா நீ நல்லாத்தான் படிச்சிருப்ப. அடுத்த வருஷம் உனக்கு யாரு சீட்டு குடுப்பா?"ன்னாங்க.

அக்கா அந்த தூரத்து ஸ்கூல்லயே ஃபீஸ் கட்டிட்டா. வேன் காலைல ஏழே முக்காலுக்கு வருமாம். பேத்தியை ஏத்தி விடப் போறது எங்க அம்மாதான்.