அம்பூரியிலிருந்து கடலோர, தீவுப் பயணம்

அம்பூரி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையூர். மலையூர் என்றாலும் இங்கிருந்து கடலுக்குப் போக ஓர் ஆறே வழிகாட்டும். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு இவ்வட்டாரத்தைத் தொட்டு, நெய்யாற்றின்கரையைக் கடந்து, 56 கி.மீ. ஓடி பூவாறில் அரபிக்கடலில் கலக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் குடும்பங்கள் இரண்டு மூன்று நாளில் சுற்றிவரக்கூடிய கடற்பயணத்துக்கு இந்த ஆற்றையே தொடக்கமாகக் கொள்ளலாம்.

முதல் நீர்ப்பரப்பு ஊருக்குள்ளேயே இருக்கிறது. நெய்யாறு அணை கட்டப்பட்டபோது தேங்கிய நீர், காணி மக்கள் வாழும் புரவிமலை போன்ற குடியிருப்புகளை அக்கரையில் நிறுத்திவிட்டது. கும்பிச்சல் கடவில் கடத்துத் தோணிதான் நீண்ட காலம் அவர்களுக்குப் பாதை. வேடிக்கை பார்க்க வருபவர் அந்தக் கடவில் நிற்கும்போது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்கள் நம்பியிருந்த துறை அது என்பதை மறக்கக் கூடாது.

பயணத்தின் சிறந்த இடம் பூவாறு. கண்டல் மரங்களின் நிழலில் ஒடுங்கிய நீர்வழிகளுக்குள் படகு நுழைந்து, திடீரென வெளிச்சத்தில் விரியும் காயலுக்கு வரும். எதிரே ஒரு மணல்திட்டு. இப்பக்கம் அசையாத ஆற்றுநீர், அப்பக்கம் இரையும் கடல். சில பத்தடி நடந்தால் நன்னீரில் நனைந்த காலை உப்புநீரில் வைக்கலாம். இந்த மணல்தடுப்பைத்தான் பொழி என்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பொழி முறியும். வெயில் காலத்தில் அலை கொண்டுவரும் மணல் அதை மீண்டும் மூடும். ஆகவே போன ஆண்டு நடந்த மணல் இந்த ஆண்டு அதே இடத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பொழிமுகத்தில் குளிக்கவே கூடாது. ஆற்றோட்டமும் அலையும் மோதும் இடம் அது.

பூவாறுக்கு வடக்கே விழிஞ்ஞமும் கோவளமும் உள்ளன. தெற்கே பொழியூர், நீரோடி, தேங்காப்பட்டினம், குளச்சல் என மீனவ ஊர்கள் தொடர்கின்றன. ஒரு காலத்தில் இந்தக் கரையோரத்தை நீர்வழியாகவே கடக்கும் கனவு இருந்தது. திருவனந்தபுரத்தையும் குமரியையும் இணைக்க 1860-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் முழுமை பெறவில்லை. பூவாறிலிருந்து தெற்கே மண்டைக்காடு வரை வெட்டப்பட்ட பகுதியும் இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. அது உயிரோடு இருந்திருந்தால் இக்கரையில் வள்ளத்திலேயே ஊர் ஊராகப் போகலாம்; அது இல்லாமற்போனது பெரிய இழப்பு. இப்போது பேருந்துதான்: பாறசாலையிலிருந்து களியக்காவிளை, அங்கிருந்து மார்த்தாண்டம், நாகர்கோவில். 1979-இல் திறந்த திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி ரயில் பாதையும் பாறசாலை வழியே செல்கிறது.

தீவு என்று சொல்லத்தக்க நிறுத்தம் குமரிமுனையில். 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை நினைவிடமும், 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி திருவள்ளுவர் சிலையும் அடுத்தடுத்த பாறைகளில் நிற்கின்றன. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் செல்கின்றன. வள்ளுவர் பாறையைச் சுற்றி ஆழம் குறைவு. நீர்மட்டம் தாழ்ந்தால் படகு அங்கே போகாது. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் கரையிலிருந்து கிளம்பும் படகே நிற்கும் நாள்களும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகும். ஒரே மாலையில் ஞாயிற்றின் மறைவையும் நிலவின் எழுச்சியையும் காணச் சித்ரா பௌர்ணமிக்கு வருவோர் படகுக்காக ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

காலத்தைத் தேர்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். கிரேக்கத் தீவுகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் வறண்டிருக்கும். தீவுக்குத் தீவு தாவுவோர் அப்போதே குவிகிறார்கள். நம் கரையில் அதே மாதங்கள் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை. 2001 நவம்பர் 9 அன்று அம்பூரியில் மலை சரிந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தது அந்த மழையில்தான். டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி வரை புறப்படுவது மேல்.

மார்ச்சுக்குப் பின் மழையில்லை என்று துணிவதும் ஆபத்து. வானம் தெளிந்திருக்கும்போதே, தொலைவில் தென் பெருங்கடலில் எழுந்த பேரலைகள் திடீரெனக் கரையேறும். மலையாள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். அறிவியல் உலகமும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டது. 2024 மே மாதம் குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இத்தகைய அலை கொண்டுபோனது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் (INCOIS) கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. கிளம்பும் காலையில் அதைப் பார்த்துவிட்டு, கரையில் வலை உலர்த்தும் ஒருவரிடமும் கடல் எப்படியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் வேண்டாம் என்றால், குமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டையின் மதிலில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.