பூஜ்ஜிய அடுக்கும் கீழ்முந்திரியும்: ஒரு இழை

1) ஆரப்பாளையத்துல எங்க பக்கத்து வீட்டுப் பாப்பா எட்டாவது படிக்குது. நேத்து நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது நோட்டோட வந்து நின்னுச்சு. "மாமா, 10-இன் அடுக்கு 0 எப்படி 1 ஆகும்? பத்தை ஒரு தடவையும் பெருக்கலைன்னா பூஜ்ஜியம்தான வரணும்?" நியாயமான கேள்விங்க. இந்த இழை அதுக்கான பதில்.

2) "அது ரூல், மனப்பாடம் பண்ணு"ன்னுதான் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாங்க. ஆனா இதுக்கு நம்ம ஊர்லயே பழைய வழி ஒண்ணு இருக்கு.

3) திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எண்சுவடி வச்சுப் பின்னங்களை மனப்பாடமா ஒப்பிப்பாங்க. மா 1/20, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320.

4) முந்திரிக்குக் கீழ புதுசு புதுசா பேர் தேடல. "கீழ்"னு ஒரு சொல்லை முன்னாடி போட்டாங்க. கீழ் வந்தா, அந்தப் பின்னத்தை இன்னொரு தடவை 320-ஆல வகுக்கணும். கீழரை 1/640. கீழ்முந்திரி 1/1,02,400.

5) இப்போ வரிசையா எழுதிப் பாருங்க: 1,02,400 → 320 → 1 → 1/320 → 1/1,02,400. ஒவ்வொரு படி இறங்கும்போதும் 320-ஆல வகுக்கிறோம், அவ்ளோதான். அடுக்கு 2, 1, 0, −1, −2. நடுவுல 0 நிக்கிற இடத்துல 1 தானா வந்து உக்காருது. யாரும் விதி போடல. முந்திரி −1, கீழ்முந்திரி −2.

6) நம்மாளுங்க இதை "அடுக்கு"ன்னு சொல்லல, குறியீடும் வைக்கல. அதனால "எல்லாம் நாங்கதான் கண்டுபிடிச்சோம்"னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. ஆனா அந்தப் படிக்கட்டுல அன்றாடம் ஏறி இறங்கிட்டு இருந்தாங்க.

7) எதுக்கு? வரிக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ஊர் ஊரா நிலக்கணக்கு இருக்கு. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் கழிச்சு மீதிக்கு நெல். ஒரு வேலியில 5242 கோடியே 88 லட்சத்துல ஒரு பங்கு வரைக்கும் கணக்கு போகுதுன்னு வரலாற்று நூல்கள் சொல்லும். அந்த எண்ணைப் பிரிச்சா 320-ஐ நாலு தடவை பெருக்கி, இன்னும் ஒரு 5.

8) வேலின்னா சுமார் 6.6 ஏக்கர். அதுல அந்தப் பங்கு அரை சதுர மில்லிமீட்டர்! எந்தக் கயிறும் கோலும் அதை அளக்காது. வகுத்து வந்த மீதியைக்கூடத் தூக்கிப்போடாம எழுதி வச்ச கணக்குப்பிள்ளையோட நேர்மை அது.

9) ஐரோப்பாவுல 1484-லயே நிக்கோலா ஷூக்கே பூஜ்ஜிய அடுக்கும் எதிர்ம அடுக்கும் எழுதிட்டார். கையெழுத்துப் பிரதி அச்சேறினது 1880-லதான். அதுக்குள்ள 1656-ல ஜான் வாலிஸ் அதுக்குப் பொருள் சொல்லி, 1676-ல நியூட்டன் கடிதத்துல பயன்படுத்தி, வழக்கத்துக்கு வந்துடுச்சு.

10) 1909-ல கோபன்ஹேகன்ல சோரன்சன் இதையே வச்சு பி.எச். அளவைக் கொண்டுவந்தார். உங்க ரத்தத்தோட 7.4-ங்கிறது ஒரு எதிர்ம அடுக்கு. 7.1-க்கு இறங்கினா "0.3 தானே"ன்னு தோணும். ஆனா அமிலம் இரண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

11) ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ தைராய்டு மாத்திரை 100 மைக்ரோகிராம் எழுத வேண்டிய இடத்துல அவசரத்துல மில்லிகிராம்னு எழுதிட்டேன். அடுக்கு −6-க்கும் −3-க்கும் இடையில ஆயிரம் மடங்கு. "டாக்டர், இது மில்லியா மைக்ரோவா?"ன்னு சிஸ்டர் கேட்டாங்க. அந்த ஒரு கேள்விதான் காப்பாத்துச்சு, நோயாளியையும் என்னையும்.

12) அதனால வீட்டுல பிள்ளைங்க "ஏன் 1?"னு கேட்டா அதட்டாதீங்க. படிக்கட்டை வரைஞ்சு காட்டி, ஒவ்வொரு படியா வகுத்து இறங்கச் சொல்லுங்க. பாப்பா ரெண்டே நிமிஷத்துல இறங்கிட்டு, "இதுக்கா மாமா இவ்ளோ பயந்தேன்?"னு கேட்டுச்சு. எனக்கு டியூட்டிக்குப் பத்து நிமிஷம் லேட். பரவாயில்லை.