மைக்கோபாக்டீரியம் சிமியே

மைக்கோபாக்டீரியம் சிமியே, காசநோய்க் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்த, மெதுவாக வளரும் பாக்டீரியா. இந்தியாவிலிருந்து ஹங்கேரிக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரீசஸ் குரங்குகளிடமிருந்து 1965-இல் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் கியூபாவில் மனிதர்களிடம் கண்டு ‘ஹபானா’ என்று பெயரிட்ட கிருமியும் இதுவே என்று தெளிவாயிற்று. அந்த ஹபானா வகை தொழுநோய்த் தடுப்பூசிக்கு உதவுமா என்று லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

குரங்கிடமிருந்து தொற்றும் நோய் என்று இதை எண்ண வேண்டாம். கிருமி இருப்பது தண்ணீரில், குறிப்பாகக் குழாய்நீரில். இஸ்ரேல், ஈரான், கியூபா, அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் அதிகம் காணப்படுகிறது. டெக்சாஸில் ஒரு மருத்துவமனையின் குழாய்நீரில் இருந்த கிருமி, நோயாளிகளின் மாதிரிகளிலும் வளர்ந்து, நோய் பரவுவதுபோன்ற தோற்றத்தைத் தந்தது. ஆகவே ஒருமுறை சளியில் தென்பட்டதாலேயே நோய் என்று முடிவுகட்டக் கூடாது. மீண்டும் மீண்டும் வளர வேண்டும், அறிகுறியும் நுரையீரல் படமும் ஒத்துப்போக வேண்டும். பழைய காசநோயால் நுரையீரல் பழுதுபட்டவர்கள், முதியவர்கள், எச்.ஐ.வி.யால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோரையே பெரும்பாலும் தாக்குகிறது.

பெரிய சிக்கல், இது காசநோயைப் போலவே தோன்றுவதுதான். இருமல், சளி, மெலிவு எல்லாம் ஒன்றே. சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அதே சிவப்புக் குச்சிகள். காசநோய்க் கிருமியை அடையாளம் காண ஆய்வகங்கள் நெடுங்காலம் நம்பியிருந்த நியாசின் சோதனையிலும் இது பெரும்பாலும் ‘ஆம்’ என்றே காட்டும். வேறுபாடு நிறத்தில் தெரியும்: முட்டை கலந்த பச்சை ஊடகத்தில், இருட்டில் இரண்டு மூன்று வாரம் வளர்ந்த வெளிறிய திட்டுகள் வெளிச்சம் பட்டதும் மஞ்சளாகும். அந்த மாற்றமும் சில சமயம் தாமதமாகவே வரும். இன்று மரபணு வரிசையைப் படித்தே இனத்தை உறுதிசெய்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நோயாளி கொடுக்கும் விலை பெரிது. காசநோய் மருந்துகளான ஐசோனியாசிட், ரிபாம்பிசின், எதாம்புடால் மூன்றுக்கும் இது பொதுவாக மசியாது. பலனில்லாததைக் கண்டு பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்று கருதி, கடுமையான மருந்துகளுக்கு மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. கிளாரித்ரோமைசின், மாக்சிஃப்ளாக்சசின், கோட்ரிமாக்சசோல், குளோஃபாசிமின், அமிகாசின் ஆகியவற்றில் சிலவற்றைச் சேர்த்துத் தருகிறார்கள். சளியில் கிருமி வளர்வது நின்ற பிறகும் ஓராண்டு சிகிச்சை தொடர வேண்டும். அப்படியும் எல்லோருக்கும் குணமாவதில்லை.

சளியில் கிருமி தெரிந்தும் சிபிநாட் என்னும் மரபணுச் சோதனையில் காசநோய் இல்லை என்று வந்தாலோ, காசநோய் மாத்திரைகளைத் தவறாமல் எடுத்தும் சளியில் கிருமி குறையவில்லை என்றாலோ, எந்த இனம் என்று கண்டறியும் வளர்ப்புச் சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.