வைகைக் கரையின் விளக்குகள்
கம்பம் பள்ளத்தாக்கின் பொதுச் சோலைகளும் மின்பணியாளரும்

புறநானூற்றில் பாடப்பெற்ற பாண்டியருள் ஒருவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் எனக் குறிக்கப்பெறுகின்றான். இலவந்திகை என்பதற்கு, நீரை நிரப்பவும் போக்கவும் வல்ல எந்திர வாவியும் அதனைச் சூழ்ந்த சோலையும் எனப் பொருள் கொள்வர். வேனிற் காலத்தே அரசர் இளைப்பாறிய இடம் அது. மன்னனின் பெயர் எஞ்சியிருக்கின்றது. அவன் உயிர் நீத்த சோலையின் வகையும் அவன் பெயரோடு ஒட்டி எஞ்சியிருக்கின்றது. அந்த எந்திரத்தை நாள்தோறும் இயக்கியவர் யார், அது பழுதுற்றபோது வாவிக்குள் இறங்கியவர் யார் என்பதற்கு எந்தப் பாட்டின் அடிக்குறிப்பிலும் விடையில்லை.

அதே பாண்டிய நாட்டு வைகையின் குறுக்கே, ஆண்டிபட்டிக்கு அண்மையில், 1959ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள் முதலமைச்சர் காமராசர் ஓர் அணையைத் திறந்து வைத்தார். அவ்வணையின் காலடியில், ஆற்றின் இருகரையிலும் பரந்து கிடக்கும் பூங்கா ஒன்று உண்டு. நீரூற்றும் வண்ண விளக்கும் கொண்ட அதனைச் 'சின்ன பிருந்தாவனம்' என மக்கள் அழைப்பதுண்டு. மன்னனுக்கு உரியதாக இருந்த வேனிற் சோலை, நுழைவுச் சீட்டு வாங்கும் எவர்க்கும் உரியதாயிற்று. மக்களாட்சி தந்த மாற்றங்களுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும். எனினும் எந்திரத்தை இயக்கியவர் பெயர் தெரியாத நிலை மட்டும் அன்றுபோலவே நீடிக்கின்றது.

விளக்கின் கதையைச் சொல்வதற்கு முன் நீரின் கதையைச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. கர்னல் பென்னிகுவிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895இல் பயன்பாட்டிற்கு வந்தது. மேற்கே ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பிப் பள்ளத்தாக்கில் இறங்கிற்று. அத்துணை உயரத்திலிருந்து விழும் நீரைக் கண்ட பொறியாளர்க்கு மின்சாரத்தின் நினைவு எழுவது இயல்பே. ஆனால் பாசனத்திற்கெனப் பெற்ற நீரில் மின்சாரம் எடுக்கலாகாது என்று திருவிதாங்கூர் மறுத்தது. வழக்கு நடுவர் முன் சென்றது. 1941இல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி அளித்த தீர்ப்பு, சென்னை மாகாணத்திற்குப் பாசன உரிமை மட்டுமே உண்டு என்றது. விடுதலைக்குப் பின் இரு அரசுகளும் இசைந்த பின்னரே கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் மின்நிலையம் எழுந்து, 1950களின் இறுதியில் உற்பத்தி தொடங்கிற்று. அதற்கு முறையான எழுத்தாவணம் 1970 மே 29ஆம் நாளின் துணை ஒப்பந்தத்தால் கிடைத்தது. அறுபதாண்டுக் காலம் தலைக்கு மேல் விழுந்த நீரிலிருந்து ஒரு விளக்கையேனும் ஏற்றும் உரிமை இப்பள்ளத்தாக்கிற்கு இல்லாதிருந்தது என்பதை இன்று பூங்காவில் உலவுவோர் அறிதல் நன்று.

அதற்கு முன்னரே தென்பாண்டி நாட்டிற்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் அது நீலகிரியின் பைக்காராவிலிருந்து நெடுந்தொலைவு கம்பிவழி வந்த மின்சாரம். மதுரையில் திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் 'பைக்காரா' என்றே ஓர் இடப்பெயர் நிலைத்துவிட்டது. ஆற்றின் பெயர் ஊருக்கு அமைவது தமிழ் நாட்டில் புதிதன்று. மின்கம்பியின் வழியே வந்து இன்னோர் ஊரில் ஆற்றுப்பெயர் குடியேறியது இடப்பெயராய்வாளர் கருதத்தக்க புதுமை.

அணையின் கீழ்ப் பூங்கா அமைத்து அதற்கு விளக்கேற்றும் வழக்கத்திற்குத் தென்னாட்டில் முன்மாதிரியாக நின்றது மைசூரின் பிருந்தாவனம். திவான் மிர்சா இசுமாயில் காலத்தில், கிருட்டிணராச சாகர் அணையின் அடியில் 1932இல் நிறைவுற்ற அப்பூங்காவின் ஒளிரும் நீரூற்றுகள், அணை என்பது பாசனக் கட்டடம் மட்டுமன்று, மக்கள் கண்டு மகிழும் காட்சியும் ஆகும் என்னும் எண்ணத்தை விதைத்தன. பவானிசாகர், அமராவதி, கிருட்டிணகிரி, சாத்தனூர், வைகை என 1950களில் தமிழகத்தில் எழுந்த அணைகள் பலவும் பூங்காவுடன் அமைந்தமைக்கு இவ்வெண்ணமே காரணம் எனலாம். வீட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்த குடும்பங்கள், சிவப்பும் பச்சையுமாய் நீர் எழுவதைக் காண மாட்டுவண்டியிலும் பேருந்திலும் வந்த காலம் அது. மின்சாரத்தை முதன்முதலாக அருகில் நின்று கண்ட இடம் பலர்க்கு ஒரு பூங்காவாகவே இருந்திருக்கும்.

அவ்விளக்குகளைப் பேணிய தொழிலாளர் எங்கிருந்து வந்தனர்? அணை வேலையும் மின்நிலைய வேலையும் சிலரை உருவாக்கின. அவர்களினும் மிகுதியானவரை உருவாக்கியது கிணற்று மோட்டார் என்பதே பொருந்தும். தமிழகத்தின் சிற்றூர்களுக்கு மின்கம்பி சென்றது பெரிதும் பாசன மோட்டாரைத் தேடித்தான். திராட்சையும் வாழையும் தென்னையும் விளையும் இப்பள்ளத்தாக்கில் மோட்டார் பெருகப் பெருக, கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், தேனி எங்கும் காயில் கட்டும் பட்டறைகள் தோன்றின. கருகிய காயிலை வெட்டி எடுத்து, தாமிரக் கம்பியைச் சுற்றெண்ணிச் சுற்றி, வார்னிசு ஊற்றி உலர்த்தும் வேலையில் சிறுவயதிலேயே புகுந்தவர்கள், பின்னர் வீட்டு வயரிங், தெருவிளக்கு, நீரேற்றி எனக் கைபழகினர். இன்னொரு வழி தொழிற்பயிற்சி நிலையம். அங்கு மின்பணியாளர் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. பட்டறையில் பழகியவர்க்கும் அரசு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. அது மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. பல ஆண்டுச் செய்முறை அனுபவமே அதற்குத் தலையாய தகுதி. ஏட்டுக் கல்வி வாய்க்காத ஒருவரின் கைத்திறனை அரசு முத்திரையிட்டு ஏற்கும் அரிய இடங்களுள் அது ஒன்று.

இனி வேலையின் இயல்பு. வீட்டு மின்சாரத்திற்கும் பூங்கா மின்சாரத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சொல்லில் கூறிவிடலாம்: ஈரம். நாள்தோறும் நீர் பாய்ச்சும் புல்வெளிக்கு அடியில் கேபிள் கிடக்கும். வெறுங்காலுடன் குழந்தைகள் மேலே ஓடுவர். தோட்டப் பணியாளரின் மண்வெட்டி ஒருமுறை தவறினால் கேபிளின் உறை கிழியும். அன்று ஒன்றும் நேராது. ஐப்பசி மழையில் அக்கிழிசல் வழியே நீர் புகுந்த பிறகே ஃபியூஸ் போகத் தொடங்கும். பெருச்சாளியும் கறையானும் தம் பங்கிற்குச் செய்வன செய்யும். விளக்குக் கம்பத்தின் அடியிலுள்ள சிறு பெட்டியைத் திறக்கும்போது உள்ளே பாம்போ பல்லியோ குளவிக்கூடோ இருக்கலாம். ஆதலால் அனுபவமுடையவர் முதலில் கையை நீட்டார்.

நீரூற்றின் அடியிலுள்ள விளக்கு இன்னும் நுட்பமானது. மின்னழுத்தத்தை 230 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டாகக் குறைத்து நீருக்குள் அனுப்புவது முறை. விளக்கின் ரப்பர் வளையம் தளர்ந்தால் உள்ளே நீர் கசியும். அதனை மாற்றச் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இறங்குவது பழந்தொழிலாளர் வழக்கம். வேறொருவர் அறியாமல் சுவிட்சைப் போட்டாலும் மின்சாரம் வாராது. எந்த விதிநூலும் இவ்வளவு எளிமையாக இதனைச் சொல்லிவிட முடியாது.

எர்த் குழி பற்றியும் கூறல் வேண்டும். கரியும் உப்பும் அடுக்கி மண்ணுள் புதைத்த குழாயோ தகடோ, கசியும் மின்னோட்டத்தை நிலத்திற்கு இறக்கி உயிரைக் காக்கும். மண் ஈரமாக இருந்தாலன்றி அது பயன்படாது. சித்திரை வைகாசியில் நிலம் வெடிக்கும்போது அக்குழிக்குக் குடம் குடமாக நீர் ஊற்ற வேண்டும். செடிக்கு நீர் ஊற்றுபவரைப் பார்ப்போர், குழாய்க்கு நீர் ஊற்றுபவரைக் கண்டு வியப்பதுண்டு. கசிவு நேர்ந்தவுடன் தானே மின்னிணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபி என்னும் கருவி பின்னர் வந்தது. 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே துண்டிக்கும் வகையே மனிதர் நடமாடும் இடத்திற்கு உரியது. மழைக்காலத்தில் அது அடிக்கடி துண்டிக்கும். விளக்கு எரியவில்லை என்று கூட்டம் கூச்சலிடும். அக்கூச்சலுக்கு அஞ்சிக் கருவியைத் தவிர்த்து நேரிணைப்புக் கொடுக்கும் ஆசைக்கு உட்படாதிருப்பதே இத்தொழிலின் அறம்.

கூட்டத்தின் பொறுமையின்மை விளக்கின் இயல்பை அறியாததாலும் வருவது. பாதரச ஆவி, சோடியம் ஆவி விளக்குகள் ஒருமுறை அணைந்தால் மின்சாரம் திரும்பிய கணமே எரியா. அவை குளிர்ந்து மீண்டும் ஒளிபெறச் சில நிமிடங்கள் ஆகும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் கண்ட கடும் மின்வெட்டுக் காலத்தில் அச்சில நிமிட இருளுக்கான வசை, விளக்கைக் கண்டுபிடித்தவரையன்றிக் கம்பத்தடியில் நின்றவரையே சேர்ந்தது.

வைகை அணைப் பூங்காவிற்கே உரிய இடர் ஒன்று உண்டு. 71 அடி உயரம் நீர் தேங்கும் இவ்வணையில், நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடுக்கப்பெறும். அபாயச் சங்கு ஒலிக்கும், மதகுகள் திறக்கும். பூங்காவின் இரு பகுதிகளையும் இணைக்கும் தரைப்பாலத்தை வெள்ளம் மூழ்கடிக்கும். கீழே வெகுதொலைவிலுள்ள ஊர்களுக்கு அது எச்சரிக்கை. பூங்காவின் மின்பணிக்கோ அது வேலையின் தொடக்கம். கரையோரத்து விளக்கு வரிசைகளுக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வெள்ளம் வடிந்த பின், உள்ளே சேறு புகுந்த ஒவ்வொரு பெட்டியையும் துடைத்து, மெக்கர் வைத்துக் காப்புத்தடையைச் சோதித்த பிறகே ஒன்றொன்றாக இணைப்புத் தர வேண்டும். வெள்ளத்தைக் காண வந்த மக்கள் திரும்பிச் சென்ற பின்னரும் பல நாள் நீளும் வேலை இது.

நிலையான பூங்காவினும் அச்சத்திற்குரியது சில நாள் பூங்கா. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் சித்திரைத் திங்களில் எட்டு நாள் விழா நடைபெறும். முல்லையாற்றங்கரை முழுதும் ராட்டினங்களும் கடைகளும் ஒளித் தோரணங்களுமாய் ஒரு நகரமே எழுந்து மறையும். ஆற்றில் நீராடி ஈர உடையுடன், தீச்சட்டியோடு வரும் அடியார் நெருக்கத்தின் நடுவே தற்காலிக வயர்கள் செல்லும். இங்கு ஒரு மூட்டுச் சரியாகச் சுற்றப்பட்டதா என்பது உயிர்ச் சிக்கல். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் சதயவிழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உராய்ந்து 11 பேர் மாண்டனர். விழாவும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தில் தொழிலறிந்த ஒருவரின் கண் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அத்துயரம் தமிழகம் முழுவதற்கும் உணர்த்திற்று.

எல்லா இடத்திலும் விளக்கு வேண்டும் என்பதும் இல்லை. கம்பத்திற்கு அருகேயுள்ள சுருளி அருவி காட்டை ஒட்டியது. அதனைச் சூழ்ந்த மேகமலைக் காடுகள் 2021இல் புலிகள் காப்பகத்துள் அடங்கின. யானை நீருண்ண வரும் இடத்தில் இரவைப் பகலாக்குவது கொடையாகாது. அங்கே விளக்கு இல்லாமையே நல்ல பராமரிப்பு.

இன்று பாதரச விளக்கும் சோடியம் விளக்கும் அருகி, எல்இடி விளக்குகள் பரவிவிட்டன. மின் செலவு குறைந்தது. ஏணியில் ஏறும் முறையும் குறைந்தது. ஆனால் சோக்கை மாற்றி, ஸ்டார்ட்டரைத் திருகிச் சரிசெய்த காலம் போய், பழுதான விளக்கை முழுதாகக் கழற்றி வேறொன்றை மாட்டும் காலம் வந்துள்ளது. பல ஊர்களில் நிலைப்பணியாளர் செய்த பராமரிப்பு ஒப்பந்ததாரர் கைக்கு மாறியுள்ளது. ஒப்பந்தம் விளக்கை எண்ணும்; மண்ணுக்கடியில் கேபிள் எவ்வழி வளைந்து செல்கின்றது, எந்த மரத்தடியில் மூட்டு உள்ளது என்னும் அறிவு எண்ணிக்கையில் அடங்காது. வரைபடம் இல்லாத பழைய பூங்காக்களில் அவ்வறிவு, அங்கு முப்பதாண்டு உழைத்தவரின் நினைவில் மட்டுமே உள்ளது. அவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் வாயிலைக் கடந்து சென்றுவிடும். நீரூற்று இயங்கவில்லை, விளக்கு எரியவில்லை என அணைப் பூங்காக்கள் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது வரும் செய்திகளுக்குப் பணமின்மை மட்டுமே காரணம் என்று கருதுதல் பொருந்தாது.

மின்நிலையங்களிலும் துணைமின்நிலையங்களிலும், மின் அதிர்ச்சியுற்றவரைப் பிழைப்பிக்கும் முறையை வட்டார மொழியிலும் எழுதிக் கண்படும் இடத்தில் மாட்டுக என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் பணித்தன. பின்னர் 2010இலும் 2023இலும் புதிய ஒழுங்குமுறைகள் அவற்றின் இடத்திற்கு வந்தன. மூச்சு நின்றவரைக் கிடத்தும் விதத்தைப் படத்துடன் விளக்கும் அப்பலகைகளைப் பழைய மின்னறைச் சுவர்களில் இன்றும் காணலாம். எழுதியவர் பெயர் அவற்றிலும் இராது. ஆயினும் அறிவியல் தமிழின் வரலாற்றை எழுதப் புகுவோர், நூலகங்களோடு அந்த அறைகளுக்குள்ளும் ஒருமுறை சென்று அச்சொற்களைப் படியெடுத்து வருதல் வேண்டும். துருவும் ஈரமும் அவற்றை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அழித்துக்கொண்டிருக்கின்றன.