விரல் பழகிய தமிழ்

ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் பரந்து கிடந்த பூச்சோங், இன்று அடுக்குமாடிகளும் கடைத்தெருக்களும் நிறைந்த நகரமாகிவிட்டது. அங்குள்ள தமிழ் இல்லங்களில் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து ஆங்கிலத்தை நொடியில் தட்டிவிடுகின்றனர். ‘அம்மா’ என்று தமிழில் தட்டச் சொன்னால் மட்டும் விரல் தயங்குகின்றது. இத்தயக்கம் இன்று பிறந்ததன்று. பிள்ளைகளின் பாட்டனார் காலத்திலேயே தொடங்கியது.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை அமைத்துத் தந்த இரா. முத்தையா, யாழ்ப்பாணத்தில் பிறந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து உழைத்தவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் அடக்குவது எளிதோ? எழுத்துக்கு ஒரு விசை என்றால் பொறி மாட்டுவண்டி அளவிற்குப் பெருத்திருக்கும். முத்தையா எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். புள்ளி, மேல்விலங்கு போன்றவற்றிற்கு ‘நகரா விசை’ அமைத்தார். அதனைத் தட்டினால் குறி தாளில் பதியும், தாள் நகராது, அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின் கீழ் வந்து அமரும். அவர் வகுத்த பொறி செர்மனியில் வார்க்கப்பட்டு வந்தது.

அரிய சாதனைதான். ஆயினும் புதிதாய்ப் பழகுவோர்க்கு அதில் ஓர் இடர் இருந்தது. பள்ளியில் ககரத்தை எழுதிப் பின்னர்ப் புள்ளி வைக்கப் பழகிய கை, பொறியில் புள்ளியை முதலில் தட்ட வேண்டும். ‘கொ’ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டல்கள். ஒலியை மறந்து, எழுத்தின் உருவத்தை இடமிருந்து வலமாக நினைவிற் கொண்டாலன்றி வேலை நடவாது. பல மாதம் முயன்று பழகியோர் பின்னர் விசையைப் பாராமலே தட்டினர்.

அப்படிப் பழகிய விரல்களைக் கணினி மீண்டும் அரிச்சுவடி வகுப்பில் உட்கார வைத்தது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1980களின் நடுவில் மலேசியாவில் தமிழ்க் கணிமைப் பணியைத் தொடங்கினார். அவரது ‘முரசு அஞ்சல்’ மென்பொருள் 1990களில் உலகெங்கும் பரவியது. ஆங்கில விசைகளை ஒலிக்கேற்பத் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும். ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். ஆங்கில விசைப்பலகை அறிந்தவர் முதல் நாளிலேயே தமிழில் எழுதினர். வெளிநாட்டுத் தமிழர் பலர் கணினியில் தமிழுக்குத் திரும்பியது இவ்வழியேதான் என்றால் மிகையன்று.

எனினும் தமிழ்ப் பிள்ளை தன் தாயை அழைக்க ஆங்கில எழுத்தின் வழியே சுற்றி வர வேண்டுமா என்ற வினா எழாமல் இல்லை. மூன்று நகர ஒலிகளையும், லகர ளகர ழகரங்களையும் ஆங்கில எழுத்திற்குள் பொருத்துவது, பயிலத் தொடங்கும் சிறுவனைத் தடுமாறச் செய்வதே. போதாக்குறைக்கு, அக்காலத்தில் மென்பொருளுக்கு மென்பொருள் விசைமுறையும் குறியீடும் வேறுபட்டன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் புரியாத கோலமாய் விரிந்தது.

1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். அதன் பயனாக அதே ஆண்டில் ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ககரத்தின் பின் ஒகரத்தைத் தட்டினால் ‘கொ’. கொம்பைத் தேட வேண்டியதில்லை. மகரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என நான்கே தட்டலில் அம்மா! உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் என்று முதல் வகுப்பில் கற்பிக்கும் பாடந்தான் இங்கே விசைகளாகியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு இதனினும் பொருத்தமான முறை வேறில்லை.

ஆனால் அது வருமுன்பே பலருடைய விரல்கள் அஞ்சல் முறைக்குப் பழகிவிட்டன. பழகிய விரலை மாற்றுவது பழகாத விரலைப் பயிற்றுவதினும் கடினம். 2013இல் ஆப்பிள் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை சேர்ந்தபோது, அஞ்சல், தமிழ் 99 இரண்டுமே அதில் இடம்பெற்றன. எதைத் திறந்து பிள்ளையிடம் கொடுப்பது என்பதை அவ்வீட்டுப் பெரியவரின் விரல்களே இன்னும் முடிவுசெய்கின்றன.