கயிற்றில் கோர்த்த கையுறை



பனிக்காலத்தில் பிள்ளைகளைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பிய எவருக்கும் இது மறக்காது. காலையில் இரண்டு கையுறையோடு போன பிள்ளை, பின்னேரம் ஒன்றோடு வந்து நிற்கும். நோர்வேயில் எங்கள் முதற் குளிர்காலத்தில் என் மூத்த மகள் மூன்று சோடி தொலைத்தாள். மேல்மாடியில் இருந்த நோர்வேஜிய அம்மா ஒருவர் கம்பளி நூலில் நீளமாக ஒரு கயிறு பின்னினார். அதன் இரு நுனியிலும் கையுறைகளைத் தைத்து, மேலங்கியின் ஒரு கைக்குள்ளால் விட்டு மற்றக் கைக்குள்ளால் எடுத்துத் தந்தார். அதன்பிறகு ஒன்றும் தொலையவில்லை.

அந்தக் கயிறு எவ்வளவு பழையது என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகே தெரிந்தது. ரெய்க்யவிக் நகரிலுள்ள ஐஸ்லாந்துத் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சோடிக் குழந்தைக் கையுறை இருக்கிறது. நாட்டின் மேற்கே ஹெய்னெஸ் என்னும் இடத்தில் கிடைத்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது என்று கருதப்படுகிறது. கம்பளித் துணியில் கையால் தைத்தது. இரண்டையும் ஒரு கயிறு இணைக்கிறது!

கையுறை என்றால் பின்னுவதுதானே, ஏன் தைத்தார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு ஊசி கொண்டு பின்னும் கலை ஐஸ்லாந்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோர்ப்பது ஒன்று. நெய்த துணியை வெட்டித் தைப்பது மற்றது. அந்தத் துணிக்கு 'வாத்மால்' என்று பெயர்.

ஆட்டு மயிரைத் தக்களியில் நூற்று, கீழே கற்கள் கட்டித் தொங்கவிட்ட நிமிர்ந்த தறியில் பெண்கள் அதை நெய்தார்கள். கம்பளித் துணியை வெந்நீரில் ஊறவைத்து மிதித்தால் அது சுருங்கி, இழைகள் ஒன்றோடொன்று சிக்கித் தடிப்பாகும். காற்று இலகுவில் உட்புகாது. வெட்டிய விளிம்பில் நூல் பிரியாது. ஆகவே ஓரம் மடிக்காமலே தைக்கலாம். நனைந்தாலும் கம்பளியின் சூடு முற்றாகப் போய்விடாது. நான்கு விரலையும் ஒன்றாக விட்டால் அவை ஒன்றையொன்று சூடாக்கும்.

ஆனால் அந்தத் துணி உடுப்புக்கு மட்டுமானதல்ல. மத்தியகால ஐஸ்லாந்தில் அதுவே பணம். கடன், வரி, தண்டப்பணம் எல்லாம் துணியின் முழக்கணக்கில் பேசப்பட்டன. அவர்களுடைய முழமும் எங்கள் முழம்போல முழங்கையிலிருந்து விரல்வரைதான். 120 முழம் ஒரு பசுவின் விலை. அப்படியான துணியில் கத்தரியை வைத்துத்தான் ஒரு தாய் பிள்ளையின் கைக்கு வெட்டியிருக்கிறாள். கயிறு ஏன் கட்டினாள் என்று இப்போது விளங்குகிறதல்லவா? ஒன்று தொலைந்தால் காசும் போயிற்று, பிள்ளையின் விரலும் விறைத்துவிடும்.

வசதியில்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. 1394ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட 'உழவன் பியர்ஸின் விசுவாசப் பிரமாணம்' என்ற பாடலில் ஓர் ஏழை உழவன் வருகிறான். அவனுடைய கையுறை கந்தல்துணியால் ஆனது. விரல்கள் தேய்ந்து சேறு அப்பியிருக்கிறது. பக்கத்தில் அவன் மனைவி வெறுங்காலோடு பனிக்கட்டியில் நடக்கிறாள்.

நீங்களும் தைத்துப் பார்க்கலாம். பழைய கம்பளிச் சுவெட்டரை மெஷினில் 60 பாகையில் துவையுங்கள். சுருங்கித் தடிக்கும். பிள்ளையின் கையைக் கடதாசியில் வைத்து வரைந்து, சுற்றிவர ஒரு விரலகலம் கூட்டி, ஒவ்வொரு கைக்கும் இரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைச் சற்றுப் பின்னுக்கு எடுத்து இறுக்கித் தையுங்கள். மத்தியகால உடுப்புகளிலும் இத்தையல் உண்டு. கயிறு கட்டினால் அது மேலங்கிக்கு உள்ளேயே இருக்கட்டும். வெளியே தொங்கினால் சறுக்குமரத்தில் கொளுவிவிடும்.

போன மார்கழியில் என் பேரனுக்கு ஒரு சோடி தைத்தேன். அகதி முகாமில் எனக்குத் தந்த சாம்பல்நிறச் சுவெட்டரைத்தான் வெட்டினேன். நான் இந்த நாட்டில் முதலில் உடுத்தியது அது. வெட்ட மனம் வராமல் கத்தரியோடு நெடுநேரம் இருந்தேன். "அம்மா, புதுசு வாங்கலாமே" என்றாள் மகள்.

கயிற்றை அவளே பின்னினாள்.