டிரைசூட்டுக்கான ஃபின்கள்

டிரைசூட் அணிந்து ஸ்கூபா முக்குளிப்பவர் காலில் மாட்டிக்கொள்ளும் துடுப்பான ஃபினுக்கும் வெட்சூட்காரரின் ஃபினுக்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மாறுவது அதற்குள் நுழையும் கால்தான். வெட்சூட்டில் தோலுக்கும் உடைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் தங்கும். டிரைசூட்டுக்குள் நீர் புகாது; உடலைச் சுற்றிக் காற்றும் கனத்த உள்ளாடையும் இருக்கும். தடித்த காலுறை, அதன்மேல் பூட்ஸ் என்று அடுக்கு கூடுவதால் பாதம் பெருக்கிறது. கால் உயர்ந்தால் உடைக்குள் இருக்கும் காற்றும் அங்கே ஓடுகிறது. ஃபின் தேர்வின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்தே வருகின்றன.

குதிகாலையும் சேர்த்து மூடும் வகை இதற்கு உதவாது. குதிகால் திறந்து, வாரால் பிடித்துக்கொள்ளும் வகையே வேண்டும். டிரைசூட் பூட்ஸ் இரண்டு விதம். ஒன்றில் நியோபிரீன் அல்லது ரப்பர் பூட்ஸ் உடையோடு ஒட்டியே வரும். மற்றதில் உடை மென்மையான காலுறையாக முடியும். அதன்மேல் கனத்த பூட்ஸைத் தனியாக அணிய வேண்டும். இந்த இரண்டாவது பூட்ஸின் அடி அகலமாகவும் விறைப்பாகவும் இருப்பதால், பல ஃபின்களின் பாதப்பைக்குள் பாதி வழியிலேயே நின்றுவிடும். அளவுக் குறியீடும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செருப்பு எண்ணைச் சொல்லி ஃபின் வாங்குவது வீண்செலவு; பூட்ஸைக் கடைக்கே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டிய பூட்ஸ் என்றால், சங்கடம் பார்க்காமல் உடை முழுவதையும் சுமந்துகொண்டு.

பூட்ஸ் பாதப்பையின் கடைசிவரை போக வேண்டும், ஆனால் மேற்பாதத்தை அழுத்தக் கூடாது. இறுக்கத்தால் ரத்த ஓட்டம் குறைந்தால் குளிர்நீரில் விரல்கள் விறைத்துவிடும். தளர்ந்திருந்தால் ஃபின் ஆடும், உதையின் விசை வீணாகும். ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் தேசியப் பூங்காவில் உள்ள சில்ஃப்ரா பிளவு இதற்கு நல்ல சோதனைக்களம். லாங்யோகுல் பனிப்பாறையின் உருகுநீர் எரிமலைப்பாறை ஊடாக வடிகட்டப்பட்டு அங்கே வந்து சேர்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பநிலை 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். ஸ்கூபாவுக்கு டிரைசூட் கட்டாயம், 18 மீட்டருக்குக் கீழே இறங்க அனுமதி இல்லை. 100 மீட்டருக்கு அப்பாலும் தெளிவாகத் தெரியும் அந்த நீரில், ஆழம் குறைந்த இடங்களில் ஒருவர் காலைத் தாழ்த்தி உதைத்தால் படிந்திருக்கும் வண்டல் கலங்கிப் பின்னால் வருபவரின் காட்சியைக் கெடுக்கும்.

கால் மிதப்பதுதான் டிரைசூட் பழகுபவர்களை அதிகம் அச்சுறுத்துவது. காற்றை வெளியேற்றும் வால்வு வழக்கமாக இடது மேற்கையில் இருக்கும். தலை கீழாகவும் கால் மேலாகவும் ஆகிவிட்டால் காற்று பூட்ஸில் சேர்ந்துகொள்ளும், வால்வுக்கு எட்டாது. மேலே போகப் போக அது விரிந்து இன்னும் வேகமாக இழுக்கும். உடை தொளதொளப்பாக இருந்தால் பாதமே பூட்ஸிலிருந்து கழன்றுவிடும். அதன்பிறகு ஃபின் எவ்வளவு உயர்ந்ததாயினும் உதைக்கப் பயன்படாது.

இதற்கு மருந்தாகவே கனமான ரப்பர் ஃபின்னைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 1960களில் பிரான்சின் ஜார்ஜ் பூஷா உருவாக்கிய, தகட்டில் துளைகள் கொண்ட ஜெட் ஃபின் இவ்வகையில் பெயர்பெற்றது. ஸ்கூபாப்ரோவின் பெயரில் இன்றும் விற்கிறது. பரிந்துரையில் நியாயம் உண்டு, ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 1.2 கிலோ அடர்த்தியுள்ள ரப்பரில் ஒரு கிலோ எடையுள்ள ஃபின், கடல்நீருக்குள் ஏறத்தாழ 150 கிராம் பளுவைத்தான் தரும். ஒரு ஜோடிக்கு 300 கிராம். பூட்ஸுக்குள் புகும் ஒரு லிட்டர் காற்றோ ஒரு கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு காலைத் தூக்கும். ஆகவே கனத்த ஃபின் உடலின் சமநிலையை நுணுக்கமாகச் சரிசெய்ய உதவுமே தவிர, பொருந்தாத உடைக்கோ காற்றைக் கட்டுப்படுத்தத் தெரியாமைக்கோ ஈடாகாது. கணுக்காலில் வார் கட்டிக் காற்று போகும் இடத்தைக் குறைப்பது பல நேரம் அதைவிடப் பயன் தரும். கணுக்கால் எடைகள் கடைசி வழி: ஒவ்வோர் உதையிலும் அவற்றையும் சேர்த்து அசைக்க வேண்டும்.

எல்லாருக்கும் கனம் தேவைப்படுவதும் இல்லை. ஒட்டிய நியோபிரீன் பூட்ஸ் தானே மிதக்கும். அதற்கு ரப்பர் ஃபின் இணையாகும். மூவடுக்குத் துணியாலான மெல்லிய டிரைசூட்டும் தனியாக அணியும் கனத்த பூட்ஸும் கொண்டவருக்கு அதே ஃபின் காலை இழுத்துச் சாய்த்துவிடும். அவருக்கு நீரில் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் இலகுவான கலவைப் பொருள் மேல். பாலிபுரோப்பிலீன் நீரைவிட லேசானது, ஆகவே அந்தப் பிளாஸ்டிக் கூடுதலாக உள்ள ஃபின்கள் மிதக்கும் பக்கம் சாயும்.

தகடு குட்டையாகவும் அகலமாகவும் விறைப்பாகவும் இருந்தால் தவளைபோல் உதைப்பதற்கும், நின்ற இடத்தில் திரும்புவதற்கும், பின்னோக்கி நகர்வதற்கும் கைகொடுக்கும். நடுவில் பிளவுபட்ட தகடு மேலும் கீழும் மாறி மாறி உதைப்பவருக்கு இதமானது. பின்னோக்கிப் போகத் திணறும். முழங்காலோ கணுக்காலோ வலிக்கும் பழக்கமுள்ளவர் விறைப்பான தகட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்த பிறகே வாங்கலாம்.

குதிகால் வாரில் எனக்குத் தயக்கமே இல்லை: துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில் வார்தான். கனத்த கையுறையோடு ரப்பர் வாரின் கொக்கியை இறுக்குவது கரையிலேயே கடினம். மேலும் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி நியோபிரீன் பூட்ஸ் சுருங்கும். ரப்பர் வார் தளரும் இடத்தில் சுருள்வில் தானே இறுகிக்கொள்ளும்.

சோதிக்க ஆழம் குறைந்த குளம் போதும். சிலிண்டரில் 50 பார் அளவே மீதமிருக்கும்போது படுக்கைநிலையில் அசையாமல் இருந்து, கால் எழுகிறதா தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்றின் எடை மட்டுமே ஏறத்தாழ 3 கிலோ என்பதால், நிறைந்த சிலிண்டரோடு சோதிப்பது ஏமாற்றும். கால் சற்றே எழுந்தாலோ தாழ்ந்தாலோ முதலில் சிலிண்டரை முதுகில் மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம், அதற்குச் செலவில்லை. டிரைசூட் பூட்ஸுக்கு வாங்கிய ஃபின் வெட்சூட்டின் மெல்லிய பூட்ஸுக்குத் தொளதொளக்கும் என்பதால், இரண்டையும் அணிபவர்கள் பெரும்பாலும் இரண்டு ஜோடி வைத்துக்கொள்கிறார்கள்.